கையெழுத்துப் போடும் முன் கம்பெனியை எடைபோடுங்கள்

2024 ஜூலை 16 அன்று மும்பை கலீனாவில் கூடிய கூட்டத்தின் வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் என்ற நிறுவனம் லோடர் வேலைக்கு ஆள் எடுக்க நேரில் வரச் சொல்லியிருந்தது. இருந்தவை சுமார் 2,200 இடங்கள். வந்தவர்கள் 25 ஆயிரத்துக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. மாதம் 20 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரம் வரை கிடைக்கும் மூட்டை தூக்கும் வேலைக்குப் பட்டம் படித்த பையன்களும் வந்து நின்றார்கள். நெரிசலைச் சமாளிக்க முடியாமல், பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாளைப் பற்றிப் பேசிய எல்லோரும் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். என் மனதில் நின்றது இன்னொரு கேள்வி: அது யாருடைய வேலை? அந்த நிறுவனம் ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா கைக்குப் போனபோது இது கூடவே போகவில்லை, அரசிடமே தங்கிவிட்டது. வேலையோ ஒப்பந்த வேலை. ஆக, அது ‘ஏர் இந்தியா வேலை’யும் அல்ல, நிரந்தர அரசு வேலையும் அல்ல. வரிசையில் நிற்பதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கேட்டால், ‘ஏர்லைன்ஸில் வேலைக்குப் போகணும்’ என்பார்கள். எந்த ஏர்லைன்ஸ் என்றால், ‘எதுவானாலும் சரி’ என்று பதில் வரும். அந்தப் பதிலை மாற்றத்தான் இந்தக் கட்டுரை. போட்டி நிறுவனங்களை ஒப்பிட்டு ஒவ்வொன்றின் பலம், பலவீனம் என்ன என்று பார்ப்பதை எம்.பி.ஏ. வகுப்பில் பாடமாக நடத்துகிறார்கள். உண்மையில் அந்தப் பாடம் செக்-இன் கவுண்டரில் நிற்கப்போகும் பெண்ணுக்கும், ராம்ப்பில் டிராக்டர் ஓட்டப்போகும் பையனுக்கும்தான் அதிகம் தேவை. முதலாளிக்கு நஷ்டம் வந்தால் பங்கு விலை விழும். உங்களுக்கோ அந்த மாத வாடகை நின்றுபோகும்.

பயணி பார்க்கும் பலம் வேறு

மும்பை மூடிப்போன விமான நிறுவனங்களின் ஊர். தனியாருக்கு வானம் திறந்ததும் 1992-ல் ஈஸ்ட் வெஸ்ட் வந்தது, அடுத்த ஆண்டே டமானியா வந்தது. இரண்டும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மறைந்தன. ஆனால் நம் தலைமுறைக்கு வலித்தது ஜெட் ஏர்வேஸ்.

1993 மே 5 அன்று தொடங்கிய ஜெட், கால் நூற்றாண்டு பறந்தது. சாப்பாடு, உபசரிப்பு, நேரம் தவறாமை எல்லாவற்றிலும் பயணிகள் அதைத்தான் புகழ்ந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு ஜெட்டில் வேலை என்றால் அந்த வீட்டுக்கே ஒரு மதிப்பு இருந்தது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்த விமானத்தோடு எல்லாம் நின்றது. வங்கிக் கடன் மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல். பல மாதச் சம்பளம் பாக்கியோடு ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். நிறுவனத்தைக் கலைத்துச் சொத்தை விற்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7 அன்று. ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு.

ஜெட்டின் பலவீனம் ஒன்றும் ரகசியமாக இருக்கவில்லை. போயிங் 777, ஏர்பஸ் ஏ330, போயிங் 737, ஏடிஆர் என்று நாலு வகை விமானம் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விமானி, தனி எஞ்சினியர், தனி உதிரிபாகக் கிடங்கு. 2007-ல் ஏர் சஹாராவை 1,450 கோடிக்கு வாங்கி அந்தச் சுமையையும் ஏற்றிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், சாப்பாடே போடாத இண்டிகோவின் டிக்கெட் விலைக்குச் சாப்பாடும் போட்டு விற்க வேண்டிய நிலை. 2018-லேயே சம்பளம் தவணையாக வர ஆரம்பித்துவிட்டது. பயணியின் கண்ணுக்குத் தெரிந்த பலம் எல்லாம் விமானத்துக்குள் இருந்தது. ஊழியர் பார்த்திருக்க வேண்டிய பலவீனம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

ஒரே நோய், ஒன்று பிழைத்தது

விமானக் கம்பெனியை எடைபோடப் பெரிய படிப்பு வேண்டாம். மும்பை–சென்னை விமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 1,030 கிலோமீட்டர். 186 இருக்கை உள்ள ஏ320 ஒரு முறை பறந்தால், 186-ஐ 1,030-ஆல் பெருக்க, 1 லட்சத்து 91 ஆயிரத்துச் சொச்சம் வரும். இதை இருக்கை-கிலோமீட்டர் என்கிறார்கள். விமானக் கம்பெனி விற்கும் சரக்கு இதுதான். இப்படி ஒரு இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு செலவு, அதில் எவ்வளவு வரவு என்பதே தொழிலின் அடிப்படைக் கணக்கு. இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் இரண்டும் பங்குச் சந்தையில் இருப்பதால், காலாண்டு முடிவுகளோடு இந்தக் கணக்கும் வெளிவருகிறது. ஏர் இந்தியாவும் ஆகாசாவும் சந்தையில் இல்லை. அவற்றைப் பற்றி வெளியே தெரிவது குறைவு. அதையும் ஒரு பலவீனமாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

விமானம் நிரம்பிப் பறக்கிறதே, பிறகென்ன என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் நூறு இருக்கையில் எண்பதுக்கு மேல் நிரம்புவது சாதாரணம். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றுபோனதே, அதற்கு முந்தைய மாதங்களில்கூட அதன் விமானங்கள் நிரம்பியே பறந்தன.

கோ ஃபர்ஸ்டின் கதையை இண்டிகோவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஏ320 நியோ விமானங்களுக்கு பிராட் அண்ட் விட்னி எஞ்சின் வாங்கின. எஞ்சினில் கோளாறு; மாற்று எஞ்சின் நேரத்துக்கு வரவில்லை. கோ ஃபர்ஸ்டின் விமானங்களில் பாதி தரையில் நின்றது. நின்ற விமானத்துக்கும் வாடகை உண்டு, அதுவும் டாலரில். மும்பை வாடியா குழுமத்தின் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது.

இண்டிகோவுக்கும் அதே எஞ்சின், அதே தொல்லை. பிறகு அந்த எஞ்சின்களில் தெரியவந்த உலோகத்தூள் பிரச்சினையும் சேர்ந்து ஒரு கட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. ஆனாலும் அது விழவில்லை. கையில் ரொக்கம் இருந்தது. 2019-லேயே அடுத்து வரும் 280 விமானங்களுக்கு சிஎஃப்எம் எஞ்சின் கேட்டு ஆர்டர் மாற்றியிருந்தார்கள். ஓரிரு வழித்தடத்தை நிறுத்தினாலும் தாங்கும் அளவுக்கு வலையும் பெரியது. இரண்டு கம்பெனியிலும் கவுண்டரில் நின்றவர்கள் ஒரே மாதிரிதான் உழைத்தார்கள். ஒரு பக்கம் சம்பளம் வந்தது, மறுபக்கம் வரவில்லை. ஆகவே ‘எத்தனை விமானம்’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பறக்கின்றன, எந்த எஞ்சின், கையில் ரொக்கம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது களத்தில் இருப்பவர்கள்

இண்டிகோ. 2006 ஆகஸ்டில் தொடங்கியது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களைச் சுமக்கிறது. பெரும்பாலும் ஒரே குடும்ப விமானம், இறங்கிய விமானம் மறுபடி கிளம்ப அரை மணி நேரத்தை ஒட்டிய டர்ன்அரவுண்ட், 2023-ல் ஒரே மூச்சில் 500 விமானத்துக்கு ஆர்டர். வேலை தேடுபவருக்கு இதன் பலம் வளர்ச்சி. கம்பெனி பெரிதாகும்போது மேலே காலியிடம் உண்டாகிறது. இருபத்தைந்து வயதில் ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆக முடியும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி ஓட்டும் கம்பெனியில் ஒரு நூல் அறுந்தால் எல்லாம் அவிழும். விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் இறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதி, இரண்டு கட்டமாக 2025-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல். முன்பே அறிவித்த தேதிதான். அதற்கேற்ப இண்டிகோ ஆள் ஏற்பாடு செய்யவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். விமானிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டவர்கள் குருகிராம் அலுவலகத்தில் இருந்தார்கள். பயணிகளின் ஆத்திரத்தை நேருக்கு நேர் வாங்கியவர்கள் இருபத்திரண்டு வயதுக் கவுண்டர் பிள்ளைகள். இந்த வேலைக்குப் போகிறவர் அந்த வாரத்தின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அந்தக் கவுண்டரில் தன்னால் நிற்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். முடியும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் இந்தியாவில் இல்லை என்பது என் கருத்து.

ஏர் இந்தியா. நம் மும்பைத் தமிழர்களுக்கு இது வெறும் கம்பெனி அல்ல. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஜுஹூவுக்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். டாடா விமானச் சேவையின் முதல் பயணத்திலேயே பம்பாயும் மதராஸும் சேர்ந்திருக்கின்றன. பிறகு வந்த காலத்தில், மாப்பிள்ளைக்கு ஏர் இந்தியாவில் வேலை என்றால் மாட்டுங்காவில் பெண் கொடுக்க இரண்டாவது முறை யோசிக்க மாட்டார்கள். அந்த நினைப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் நரிமன் பாயின்ட் கட்டடமே மகாராஷ்டிர அரசுக்கு விற்றாகிவிட்டது. தலைமை அலுவலகம் இப்போது குருகிராமில். பழைய பெருமையை வைத்துப் புதிய வேலையை முடிவு செய்யாதீர்கள்.

இன்றைய ஏர் இந்தியாவின் பலம்: லண்டன், நியூயார்க் வரை நேராகப் போகும் அகன்ற விமானங்கள், ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் தகுதி, பின்னால் டாடா, கூடவே 25.1 சதவீதப் பங்கோடு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். வெளிநாட்டுப் பயணிகளைக் கையாளும் அனுபவம் வேண்டும் என்றால் இங்கேதான் கிடைக்கும். பலவீனம்: பழைய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியதும் மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று, எரிபொருள் செலவு கூடியது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்து அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவர் மனதிலும் சுமையாக இருக்கிறது. அதை இங்கே பலம் பலவீனக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

எழுத வேண்டியது இணைப்பைப் பற்றி. ஏர் ஏஷியா இந்தியாவாக இருந்த நிறுவனம் 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சேர்ந்தது. விஸ்தாரா நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவில் சேர்ந்தது. பங்குதாரருக்கு நல்ல செய்தி. ஊழியருக்கு எப்படி இருந்தது? விஸ்தாரா விமானிகளுக்கு மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாகக் கிடைத்த சம்பளம், புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரத்துக்கு என்று இறங்கியது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விமானிகள் வராமல் விமானங்கள் ரத்தாயின. மே மாதம் எக்ஸ்பிரஸின் கேபின் க்ரூ கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். 25 பேரை வேலைநீக்கம் செய்து, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கம்பெனி ஒன்றாகும்போது சீனியாரிட்டி பட்டியல், அலவன்ஸ், பேஸ் (எந்த ஊரில் வேலை) எல்லாம் மறுபடி எழுதப்படும். இணைப்பு நடக்கும் இடத்தில் சேர்கிறீர்கள் என்றால், உங்கள் கிரேடு எந்தப் பட்டியலில் வருகிறது என்று கேட்காமல் சேராதீர்கள்.

ஆகாசா ஏர். இது மும்பைக் கம்பெனி. 2022 ஆகஸ்ட் 7 அன்று மும்பை–அகமதாபாத் முதல் விமானம். மற்றவர்களின் தலைமை அலுவலகம் டெல்லிப் பக்கம் இருக்கும் நிலையில், டிக்கெட் விலை நிர்ணயம், வழித்தடத் திட்டம், நிதி போன்ற மேஜை வேலைகளை மும்பையிலேயே பார்க்கலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. செம்பூரில் எஞ்சினியரிங்கோ சயனில் பி.காமோ படித்துவிட்டு, ஊரை விட்டுப் போக முடியாத பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கேபின் க்ரூவுக்குச் சேலையோ குதிகால் செருப்போ இல்லாமல் பேன்ட்டும் ஸ்னீக்கர்ஸும் கொடுத்த கம்பெனி. மணிக்கணக்கில் காலில் நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

எல்லாம் போயிங் 737 மேக்ஸ், ஒரே வகை. ஆர்டர் 226 விமானம். ஆனால் போயிங்கின் தாமதத்தால் விமானங்கள் நினைத்த வேகத்தில் வரவில்லை. ஆள் எடுத்து வைத்தும் பறக்க விமானம் இல்லாமல் விமானிகள் காத்திருந்தார்கள். அதற்கு முன் 2023-ல் நேர்மாறான தொல்லை: 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனார்கள் என்று கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் நோட்டீஸ். நீங்கள் விமானி ஆகப்போவதில்லை என்றாலும், ஆஃபர் லெட்டரில் பயிற்சி பாண்டும் நோட்டீஸ் காலமும் எத்தனை மாதம், நடுவில் போனால் எத்தனை ரூபாய் என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஸ்பைஸ்ஜெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005-லிருந்து பறக்கிறது, பலமுறை விழுந்து எழுந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் 3,000 கோடி திரட்டிய பிறகுதான் ஊழியர்களின் பத்து மாத பி.எஃப். பாக்கியைக் கட்டி முடித்தது. அனுபவம் தேடுபவர் போகலாம். குடும்பம் ஒரே சம்பளத்தில் ஓடுகிறது என்றால் யோசிக்க வேண்டும்.

பி.எஃப். விஷயத்தில் எல்லோரும் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. லாகின் வேண்டாம். கம்பெனி பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில், எத்தனை ஊழியருக்கு, எவ்வளவு பணம் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். தேதி தள்ளித் தள்ளிப் போகிறதா, ஊழியர் எண்ணிக்கை குறைகிறதா என்று ஆறு மாதத்தைப் பாருங்கள். சம்பளம் சிக்கலாகும் முன் அங்கேதான் அறிகுறி தெரியும். அதேபோல விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. மாதா மாதம் வெளியிடும் அறிக்கையில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை சதவீதச் சந்தை, எத்தனை விமானம் ரத்து, யார் நேரத்துக்குப் புறப்பட்டார்கள், பத்தாயிரம் பயணிக்கு எத்தனை புகார் என்று எல்லாம் இருக்கிறது. இலவசம். நேர்காணலுக்கு முந்தைய இரவு கடைசி மூன்று மாத அறிக்கையைப் படித்துக்கொண்டு போனால் போதும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரைவிட நீங்கள் ஒரு படி முன்னே.

சீருடை ஒன்று, சம்பளச் சீட்டு வேறு

மும்பை விமான நிலையத்தின் டி2 முனையத்தில் ஒரே கம்பெனியின் சீருடை போட்டவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனி ஊழியர்கள் அல்ல. இண்டிகோவின் தரைப்பணிக்கு அஜைல் என்ற துணை நிறுவனம் உண்டு. வெளிநாட்டு ஏர்லைன்ஸ் கவுண்டரில் நிற்கும் பெண் பெரும்பாலும் ஏதாவதொரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனத்தின் ஊழியர். அப்படிப்பட்ட வேலையில் நீங்கள் ஒப்பிட வேண்டியது ஏர்லைன்ஸை அல்ல, சம்பளச் சீட்டில் பெயர் போட்டிருக்கும் நிறுவனத்தை.

இது எவ்வளவு முக்கியம் என்று 2025 மே 15 காட்டியது. மும்பை விமான நிலையத் தரைப்பணியில் பெரும் பங்கு வைத்திருந்த துருக்கியின் செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து செய்தது. ஒரே உத்தரவில் அந்த நிறுவனத்தின் வேலை நின்றது. ஊழியர்களை மாற்று நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்வதாக விமான நிலையம் அறிவித்தது. வேலையைச் சரியாகச் செய்தவருக்கும் இந்த நிலை வரலாம். ஆகவே கையில் கம்பெனி மாறினாலும் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும்: ஆபத்தான சரக்குகளைக் கையாளும் டி.ஜி.ஆர். பயிற்சி, விமானப் பாதுகாப்புப் பயிற்சி, கனரக வாகன லைசென்ஸ். இவை உங்களோடு வரும்.

மாறாக, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி ‘ஏர்ஹோஸ்டஸ் டிப்ளமா’ தரும் இன்ஸ்டிடியூட்டுகளில் பணம் கட்டுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். கேபின் க்ரூவுக்குப் பிளஸ் டூ, வயது, உயரம், பேச்சு இவைதான் பார்ப்பார்கள். தேர்வானால் ஏர்லைன்ஸே பயிற்சி கொடுக்கும். வேலைக்குப் பணம் கேட்கும் எவரும் ஏர்லைன்ஸ் ஆள் இல்லை. எந்த ஏர்லைன்ஸும் ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஏமாறும் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. செலவு செய்தே தீருவது என்றால் விமானப் பராமரிப்பு எஞ்சினியர் லைசென்ஸுக்குச் செய்யுங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும், டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பள்ளியா என்று பார்க்க வேண்டும், பாடம் கடினம். ஆனால் லைசென்ஸ் வந்துவிட்டால் எந்த ஏர்லைன்ஸ் விழுந்தாலும் அடுத்த ஏர்லைன்ஸ் கூப்பிடும். மும்பையில் இல்லாவிட்டால் ஓசூரில் ஏர் ஒர்க்ஸ் என்ற விமானப் பராமரிப்பு நிறுவனம் இருக்கிறது.

இனிஷியல் தரும் தலைவலி

தேர்வாகியும் வேலையில் சேர முடியாமல் தவிக்கும் நம் பிள்ளைகள் உண்டு. காரணம் பெயர். விமான நிலையத்துக்குள் போக நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. திருநெல்வேலியில் எடுத்த பிறப்புச் சான்றில் ‘எம். செல்வி’. தாராவிப் பள்ளியின் மார்க் ஷீட்டில் மகாராஷ்டிர வழக்கப்படி குடும்பப் பெயர் கேட்டதால் ‘முத்தையா செல்வி’ என்று ஒரு வரிசை. ஆதாரில் ‘செல்வி முத்தையா’. பேன் கார்டில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டு வேறு. நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். சரிபார்க்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. விண்ணப்பம் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள். முகவரிக்கும் இதே கதைதான். ஆதாரில் ஊர் முகவரி, இருப்பது 90 அடி ரோட்டில் வாடகை அறை என்றால் போலீஸ் சரிபார்ப்பு இரண்டு ஊரில் அலையும்.

நேர்காணலில் ‘ஏன் எங்கள் ஏர்லைன்ஸ்?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘நம்பர் ஒன் கம்பெனி, சின்ன வயசிலிருந்தே கனவு’ என்ற பதிலை அன்று காலையிலிருந்து நூறு பேரிடம் கேட்டிருப்பார்கள். ‘டிசம்பர் ரத்துகளுக்குப் பிறகு உங்கள் நேரம் தவறாமை எப்படி மாறியிருக்கிறது என்று மூன்று மாத டி.ஜி.சி.ஏ. கணக்கில் பார்த்தேன். கோபத்தோடு வரும் பயணியிடம் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நாலிலும் பேசி அமைதிப்படுத்த என்னால் முடியும்’ என்று சொல்லிப் பாருங்கள். நாலு மொழி தாராவிப் பிள்ளைக்குத் தெருவிலேயே வந்துவிடுகிறது. பயோடேட்டாவில் அதைக் கடைசி வரியில் புதைக்காதீர்கள். சென்னை, கோவை விமானங்களின் கேட்டில் அது நேரடியாக உதவும் திறமை. எதிர்க் கம்பெனியைப் பற்றிக் கேட்டால் திட்டாதீர்கள். ஒரு பலம், ஒரு பலவீனம், இரண்டுக்கும் ஒவ்வொரு எண். அவ்வளவு போதும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் கேளுங்கள். பேஸ் எது? ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? வண்டி வருமா? 2025-ல் மெட்ரோ மூன்றாம் தடம் தாராவிக்கு வந்தபின் டி2-வுக்கு நேராகப் போகலாம். மாட்டுங்கா மேற்கில் இருப்பவருக்கு சீதலாதேவி ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அதிகாலை நாலு மணி ஷிஃப்டுக்கு மெட்ரோ ஓடாது. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது. இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா மூன்றும் அங்கே தொடங்கிவிட்டன. ‘மும்பை’ என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருந்தால் எந்த மும்பை என்று கேளுங்கள். செம்பூர்க்காரருக்கு ஹார்பர் லைனில் நெருல் போய் உரண் லைன் மாறலாம். தாராவியிலிருந்து பைக்கில் போகலாம் என்று நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அடல் சேதுவில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை, வாஷி பாலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு பிக்-அப் உண்டா, எந்த இடம் வரை, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். எழுத்தில் வரும் பதிலை ஆஃபர் லெட்டரோடு சேர்த்து வையுங்கள்.